தந்தியில் சொல் மிச்சம், கம்ப்யூட்டரில் இடம் மிச்சம்: ஜிப் பைல் செயல்படும் விதம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜிப் செய்தால் பைல் சிறியதாகிவிடுகிறது. திறந்தால் மறுபடியும் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. எதையும் வெட்டி எறியவில்லை என்றால், குறைந்த பகுதி எங்கே போயிருந்தது?"

நல்ல கேள்வி. பிட், பைட் என்று ஆரம்பித்தால் பலருக்குத் தலை சுற்றும். அதனால் வேறு வழியில் வருகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக்குத் தந்தி அனுப்பிய வியாபாரிகள் இதே வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாமலேயே, ஒரு தடிமனான புத்தகத்தை வைத்துச் செய்தார்கள். அதைப் புரிந்துகொண்டால் ஜிப் பைலும் புரிந்துவிடும். ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் எதற்கு இருக்கிறது, பணம் அனுப்பும் முன் பெயரை ஏன் பார்க்க வேண்டும் என்பதும் சேர்ந்தே புரியும்.

நான் இருப்பது ஏலகிரி மலையில். கீழே இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் வரிசையாக வருகின்றன. எனவே உதாரணத்தையும் தோல் வியாபாரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். உள்ளூரில் பதனிட்ட தோல் சென்னை பெரியமேட்டுக்குப் போகும். அங்கிருந்து ஏற்றுமதி நிறுவனங்கள் கப்பலில் ஏற்றும். முதல் உலகப் போரின்போது, 1916ல், ராணுவ பூட்ஸ் தைப்பதற்காக பிரிட்டிஷ் அரசே இந்தத் தோலை மொத்தமாக வாங்கத் தொடங்கியது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

லண்டனில் விலை ஏறியதா, இறங்கியதா என்று இங்கே தெரிய வேண்டும். கப்பல் தபாலில் கடிதம் போய்ச் சேர இரண்டு, மூன்று வாரம் ஆகும். பதில் வர அதே அளவு நாட்கள். அதற்குள் விலை மாறிவிடும். தந்தி என்றால் வேலை மிக விரைவில் முடியும். பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக இங்கிலாந்துக்குக் கடலடிக் கேபிள் 1870லேயே வந்துவிட்டது. 1870-71ல் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கும் கேபிள் போடப்பட்டது.

பிரச்சினை கட்டணம்தான். 1902க்கு முன் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தந்தி அனுப்ப ஒரு சொல்லுக்கு 4 ஷில்லிங். 1905ல் அது 2 ஷில்லிங்காகக் குறைந்தது. அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய்; ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். எனவே குறைந்த பிறகும் ஒரு சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்.

ஒன்றரை ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். அன்று இங்கிலாந்தின் தங்க நாணயமான ஒரு பவுண்டு சவரன் 15 ரூபாய்க்குச் செலாவணியில் இருந்தது. எடை ஏறக்குறைய 8 கிராம். இன்றும் நகைக்கடையில் 8 கிராமை ஒரு பவுன், ஒரு சவரன் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர்கள் இந்த நாணயத்திலிருந்து வந்தவைதான். அதாவது 10 சொல் அனுப்பினால் ஒரு பவுன் தங்கம் போய்விடும்!

கோட் புத்தகம் வந்தது

இதோ ஒரு செய்தி. இது விளக்கத்திற்காக நானே எழுதியது:

"உங்கள் தந்தி கிடைத்தது. நீங்கள் சொன்ன விலைக்குச் சம்மதம். 500 கட்டு ஆட்டுத்தோல் அடுத்த கப்பலில் ஏற்றுகிறோம். இன்சூரன்ஸ் உங்கள் பொறுப்பு."

எண்ணிப் பாருங்கள். 500 என்ற எண்ணையும் சேர்த்து 16 சொற்கள். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 24 ரூபாய். ஒன்றரைப் பவுனுக்கும் மேல். இது செய்திக்கு மட்டும். முகவரியில் உள்ள சொற்களுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு.

வியாபாரக் கடிதங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். அதே வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். "தந்தி கிடைத்தது", "விலைக்குச் சம்மதம்", "அடுத்த கப்பலில் ஏற்றுகிறோம்" போன்றவை. இப்படி அடிக்கடி வரும் வாக்கியங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சங்கேதச் சொல் கொடுத்துவிட்டால் என்ன? அப்படிப் பிறந்தவைதான் கோட் புத்தகங்கள். கிளாசன் தூ என்பவர் தயாரித்த 'ஏபிசி கோட்' 1870களில் வெளிவந்து உலகமெங்கும் பரவியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் லெட்டர் ஹெட்டிலேயே தந்தி முகவரியையும், எந்தக் கோட் புத்தகத்தின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதையும் அச்சிட்டு வைத்தன.

நம் செய்திக்கும் ஒரு கோட் செய்வோம். இவையும் நான் வைத்த பெயர்களே:

ஆவாரை - உங்கள் தந்தி கிடைத்தது, நீங்கள் சொன்ன விலைக்குச் சம்மதம்
பலாசு - 500 கட்டு
மருதம் - ஆட்டுத்தோல் அடுத்த கப்பலில் ஏற்றுகிறோம்
குறிஞ்சி - இன்சூரன்ஸ் உங்கள் பொறுப்பு

இப்போது தந்தி "ஆவாரை பலாசு மருதம் குறிஞ்சி" என்று போகும். நான்கு சொல். 24 ரூபாய் 6 ரூபாயாகிவிட்டது. லண்டனில் இருப்பவர் தன்னிடம் உள்ள அதே புத்தகத்தைப் புரட்டி முழுச் செய்தியையும் எழுதிக்கொள்வார். ஒரு எழுத்துகூடக் குறையாது.

கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. குறைந்த பகுதி எங்கும் போகவில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிய தந்திரம்

வியாபாரிகள் இதோடு நிற்கவில்லை. தந்திக்கான சர்வதேச விதிகளைப் படித்துப் பார்த்தார்கள். சங்கேதச் சொல் என்றால் அதிகபட்சம் 10 எழுத்து இருக்கலாம் என்று 1879ல் லண்டன் மாநாட்டில் விதி செய்திருந்தார்கள். 1903ல் மீண்டும் லண்டனில் கூடிய மாநாடு, அகராதியில் இல்லாத கற்பனைச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, உச்சரிக்க முடிந்தால் போதும் என்று தளர்த்தியது. இது 1904 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் உட்பட 8 மொழிகளில் ஏதாவது ஒன்றில் உச்சரிக்க முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

பென்ட்லி என்பவர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 1906ல் அவர் வெளியிட்ட கோட் புத்தகத்தில் எல்லாச் சங்கேதச் சொற்களும் 5 எழுத்தில் இருந்தன. இரண்டை ஒட்டினால் 10 எழுத்து. தந்தி அலுவலகத்தின் கணக்கில் அது ஒரே சொல்! நம் நான்கு சொற்களும் இப்படி இரண்டு சொல்லாகிவிடும். கட்டணம் 3 ரூபாய். 24 ரூபாய் செலவாக வேண்டிய இடத்தில் 21 ரூபாய் மிச்சம்.

தந்தி நிர்வாகங்கள் சும்மா இருக்குமா? 1932ல் மாட்ரிட் மாநாட்டில் விதியை மாற்றினார்கள். 1934 முதல் சங்கேதச் சொல்லுக்கு 5 எழுத்துதான் வரம்பு. பதிலுக்கு, ஐரோப்பாவுக்கு வெளியே போகும் சங்கேதத் தந்திக்கு முழுக் கட்டணத்தில் 60 சதவீதம் மட்டும் வாங்கினார்கள். முன்பு ஒரு சொல்லாகப் போனது இப்போது இரண்டு சொல். இரண்டுக்கும் 60 சதவீதம் என்றால் 120 சதவீதம். சலுகை போலத் தெரிந்தாலும், ஒட்டி அனுப்பியவர்களுக்குச் செலவு 20 சதவீதம் கூடியது.

ஜிப் பைலின் புத்தகம் எங்கே?

ஜிப் பைலும் கோட் புத்தக வழியில்தான் வேலை செய்கிறது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தந்திக்கு இரு பக்கமும் ஒரே புத்தகம் இருக்க வேண்டும். ஜிப் செய்திடும் புரோகிராம், உங்கள் பைலையே புத்தகமாக வைத்துக்கொள்கிறது. ஒரு வாக்கியம் இரண்டாம் முறை வந்தால் அதை மீண்டும் எழுதாது. "இவ்வளவு எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்" என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதும். இந்த வழியை 1977ல் லெம்பெல், ஜிவ் என்ற இருவர் வெளியிட்டார்கள்.

அடுத்து இன்னொரு வேலையும் செய்கிறது. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறியீடு, எப்போதாவது வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு. மோர்ஸ் தந்தியில் ஆங்கிலத்தில் மிக அதிகம் வரும் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான். அரிதாக வரும் 'க்யூ'வுக்கு நான்கு குறிகள். இதைக் கணக்கிட்டுச் சரியாகச் செய்யும் முறையை 1952ல் ஹஃப்மன் என்பவர் கொடுத்தார். இந்த இரண்டு முறைகளும் இன்றைய ஜிப் பைலில் சேர்ந்தே இயங்குகின்றன. ஜிப் என்ற பைல் வகையை 1989ல் பில் கட்ஸ் என்பவர் அறிமுகப்படுத்தினார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. நோட்பேட் திறந்து "தோல் கட்டு 500 அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி டைப் செய்து என்டர் தட்டவும்.

2. கண்ட்ரோல் + ஏ, பின்னர் கண்ட்ரோல் + சி அழுத்தவும். அடுத்து கண்ட்ரோல் + எண்ட் அழுத்தி, கண்ட்ரோல் + வி கொடுக்கவும். ஒரு வரி இரண்டாகும். இதையே மொத்தம் 10 முறை செய்தால் 1,024 வரிகள் கிடைக்கும்.

3. பைலை டெஸ்க்டாப்பில் சேவ் செய்திடவும். அதன் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பிரிவில் அளவைக் குறித்துக்கொள்ளவும்.

4. மீண்டும் ரைட் கிளிக் செய்து, விண்டோஸ் 11 என்றால் 'கம்ப்ரஸ் டு' என்று தொடங்கும் பிரிவில் ஜிப் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 10 என்றால் 'சென்ட் டு' சென்று 'கம்ப்ரஸ்டு ஜிப்டு போல்டர்' என்பதில் கிளிக் செய்திடவும்.

5. புதிதாக வந்த ஜிப் பைலின் அளவைப் பார்க்கவும். எத்தனையோ மடங்கு சுருங்கியிருக்கும். ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் புரோகிராம் கண்டுபிடித்துவிட்டது.

இப்போது மொபைலில் எடுத்த ஒரு போட்டோவை இதே போல ஜிப் செய்து பாருங்கள். அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். காரணம், ஜேபெக் போட்டோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. சங்கேதச் சொல்லுக்கு மறுபடியும் சங்கேதச் சொல் தேடினால் கிடைக்காது அல்லவா? அதனால் ஜிமெயிலின் 25 எம்பி வரம்புக்குள் போட்டோக்களை அடக்க வேண்டும் என்றால், ஜிப் செய்வதால் பயன் இல்லை. போட்டோவின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்ப வேண்டும். பல பைல்களை ஒரே கட்டாக அனுப்ப மட்டும் ஜிப் உதவும்.

ஒரு புள்ளியால் 20,000 டாலர்

சுருக்குவதில் ஆபத்தும் இருக்கிறது. சாதாரண வாக்கியத்தில் ஒரு எழுத்து தப்பினால், படிப்பவர் ஊகித்துக்கொள்வார். "சம்மதம்" என்பது "சம்மதப்" என்று வந்தாலும் பொருள் புரியும். ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்கியத்தையே அடைத்துவிட்டால், ஒரு எழுத்து தப்பினாலும் வேறு வாக்கியம் வந்து நிற்கும்.

1887ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி, கான்சாஸ் பகுதியில் இருந்த தன் ஏஜண்டுக்குச் சங்கேதத் தந்தி அனுப்பினார். அதில் 'பே' என்று ஒரு சொல். பி, ஏ, ஒய் என்ற மூன்று எழுத்து. "நான் வாங்கிவிட்டேன்" என்பது அதன் பொருள். போய்ச் சேர்ந்தபோது அது பி, யு, ஒய் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் 'வாங்கு' என்று அர்த்தம்! மோர்ஸில் 'ஏ' என்பது ஒரு புள்ளி, ஒரு கோடு. 'யு' என்பது இரண்டு புள்ளி, ஒரு கோடு. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

ஏஜண்ட் கம்பளியை வாங்கிக் குவித்தார். நஷ்டம் 20,000 டாலருக்கு மேல். பிரிம்ரோஸ், தந்தி நிறுவனமான வெஸ்டர்ன் யூனியன் மீது வழக்குப் போட்டார். 1894ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதிக் கட்டணம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் தந்தியைத் திருப்பி அனுப்பச் செய்து சரிபார்த்திருக்கலாம்; அந்த நிபந்தனை தந்திப் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது; அவர் அப்படிச் செய்யவில்லை. எனவே அவருக்குக் கிடைக்கக்கூடியது தந்திக்கு அவர் கட்டிய பணம் மட்டும். அது 1 டாலர் 15 சென்ட்.

பிழையைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து

இந்த மாதிரி அடி வாங்கிய பிறகு கோட் புத்தகம் தயாரிப்பவர்கள் விழித்துக்கொண்டார்கள். எந்த இரண்டு சங்கேதச் சொற்களை எடுத்தாலும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேறுபட வேண்டும் என்று சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் ஒரு எழுத்து தப்பினால் வருகிற சொல் புத்தகத்திலேயே இருக்காது. "தந்தியில் பிழை, மீண்டும் அனுப்பு" என்று கேட்டுவிடலாம். 1923ல் வெளிவந்த 'ஆக்மி கோட்' 1,00,000 ஐந்தெழுத்துச் சொற்களை இந்த முறையில் அமைத்தது. பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறினாலும் தெரிய வேண்டும் என்பது அதன் இன்னொரு குறிக்கோள்.

இதே யோசனை இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆதார் எண்ணின் 12வது இலக்கம், முதல் 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படும் சோதனை இலக்கம். 1969ல் வெர்ஹோப் என்ற டச்சுக் கணித அறிஞர் கொடுத்த முறை அது. ஒரு இலக்கம் தப்பினாலோ, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு இடிக்கும். டெபிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கமும் இதே போன்ற வேலைக்குத்தான், முறை வேறு. ஜிப் பைலுக்குள்ளும் ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சோதனை எண் எழுதப்படுகிறது. டவுன்லோட் செய்த ஜிப் பைலைத் திறக்கும்போது பழுதாகிவிட்டது என்று எர்ரர் செய்தி வந்தால், பெரும்பாலும் பைல் முழுதாக வந்து சேரவில்லை என்று பொருள். மீண்டும் டவுன்லோட் செய்திடவும்.

எல்லா எண்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மொபைல் எண்ணில் சோதனை இலக்கம் இல்லை. ஒரு இலக்கம் மாற்றி அழுத்தினால் அது இன்னொருவரின் எண்ணாகவே இருக்கலாம். வங்கிக் கணக்கு எண்ணிலும் இதை நம்பியிருக்க முடியாது. நெப்ட், ஆர்டிஜிஎஸ் வழியில் பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்துப் பணம் வரவு வைக்கப்படுவதுதான் பல ஆண்டுகள் நடைமுறை. அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. திரையில் வரும் அந்தப் பெயரைப் படிக்காமல் ஓகே கொடுக்க வேண்டாம்.

சுருக்கம் வேறு, ரகசியம் வேறு

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஏபிசி, பென்ட்லி எல்லாம் கடையில் விற்ற புத்தகங்கள். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். எனவே அவை பணத்தை மிச்சப்படுத்தின, ரகசியத்தைக் காக்கவில்லை. ரகசியம் வேண்டியவர்கள் தங்களுக்கென்று தனிக் கோட் தயாரித்துக்கொண்டார்கள்.

ஜிப் பைலும் அப்படித்தான். ஜிப் செய்துவிட்டதால் உள்ளே இருப்பதை மற்றவர்கள் பார்க்க முடியாது என்று நினைக்கக் கூடாது. விண்டோஸ் தரும் ஜிப் வசதியில் பாஸ்வேர்ட் போட வழி இல்லை. வேண்டுமானால் இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் புரோகிராமைப் பயன்படுத்திப் பாஸ்வேர்ட் கொடுக்கலாம். அந்தப் பாஸ்வேர்டை அதே இமெயிலில் எழுதி அனுப்ப வேண்டாம். போனில் சொல்லுங்கள்.

சிறு தொழில் செய்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளவும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்" என்று தெரிந்த வாடிக்கையாளர் பெயரில் இமெயில் வந்தால், அந்த இமெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்பதில் பயன் இல்லை. பதில் எழுதுபவர் மோசடிக்காரராகவே இருக்கலாம். உங்களிடம் முன்பே உள்ள போன் எண்ணில் கூப்பிட்டுப் பேசி, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்கவும். பாதிக் கட்டணம் கூடுதலாக வாங்கிக்கொண்டு தந்தி அலுவலகம் அன்று செய்துகொடுத்த வேலை இதுதான். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. சரிபார்க்கும் வேலை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு போன் கால்தான்.